ஜான் ஹண்டரும் பற்களின் இலக்கணமும்

நம் வாயில் 32 பற்கள் உள என்பதைப் பள்ளிச் சிறாரும் அறிவர். அவை எத்தனை வகைப்படும், ஒவ்வொரு வகைக்கும் பெயர் யாது, அப்பெயர் எதனால் வந்தது என்று வினவினால் கற்றோரும் சற்றே தயங்குவர். விலங்கியல் பயிலும் நம் நண்பர்கள் இரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரு வாய்பாட்டை மனனஞ் செய்வதைத் தாழ்வாரத்தில் நடப்போர் கேட்டிருக்கலாம். மேல்தாடையின் ஒரு பாதியில் வெட்டுப்பல் இரண்டு, கோரைப்பல் ஒன்று, முன்கடைவாய்ப்பல் இரண்டு, கடைவாய்ப்பல் மூன்று; கீழ்த்தாடையிலும் அவ்வாறே. ஆகவே ஒரு பக்கத்திற்கு 16, இரு பக்கத்திற்கும் 32. இவ்வாய்பாட்டில் மூன்றாவதாக நிற்கும் இரண்டு என்னும் எண்ணுக்குரிய பற்களைக் கடைவாய்ப் பற்களினின்று பிரித்துத் தனியினமாக்கி, அதற்கு ஒரு பெயருந் தந்து, ஆங்கில வைத்திய நூல்களில் நிலைபெறச் செய்தவர் ஜான் ஹண்டர் என்னும் இரண வைத்தியர். அவர் வரலாறு வியப்புக்கு உரியது. சிலவிடங்களில் வருத்தத்திற்கும் உரியது.

ஸ்காத்லாந்து நாட்டிலே, கிளாஸ்கோ நகருக்கு அணித்தாயுள்ள ஈஸ்ட் கில்பிரைடு என்னும் ஊரையடுத்த லாங் கால்டர்வுட் என்ற பண்ணை வீட்டில், 1728-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஹண்டர் பிறந்தார். பெற்றோரின் மக்கள் பதின்மருள் இவரே கடைக்குட்டி. அதே ஆண்டில்தான் பாரிஸ் நகரத்தில் பியேர் ஃபோஷார் என்பார் பல் வைத்தியத்தைப்பற்றி இரண்டு பாகங்கொண்ட பெருநூலொன்றை வெளியிட்டார். பற்சொத்தைக்குப் புழுவே காரணம் என்று நெடுங்காலமாக வழங்கிவந்த கொள்கையை அந்நூல் ஏற்கவில்லை. பல் வைத்தியம் ஒரு கலையாகத் தலையெடுத்த ஆண்டும், பல்லின் வடிவை ஆராயப் பிறந்தவரின் பிறப்பாண்டும் ஒன்றாக அமைந்தது இனியதொரு தற்செயல்.

பள்ளிக்கூடம் இவருக்குக் கசந்தது. மேகம் ஏன் நகர்கின்றது, புல் ஏன் இலையுதிர் காலத்தில் நிறம் மாறுகின்றது, எறும்பும் பறவையும் என்ன செய்கின்றன என்பனவற்றையே வயல்வெளியில் அலைந்து கண்டும் கேட்டும் வந்தார். பதின்மூன்றாம் வயதில் தந்தையை இழந்தார். பின்னர்க் கிளாஸ்கோவில் மரச்சாமான் செய்யுந் தொழிலில் ஈடுபட்டிருந்த தமக்கை கணவரிடம் சிலகாலம் உதவியாக இருந்தார். உளியும் இழைப்புளியும் பழகிய அக்கை பிற்காலத்தில் வாளும் கத்தியும் பிடித்தபோது அப்பயிற்சி வீண்போகவில்லை என்று எண்ண இடமுண்டு.

இவருடைய தமையனார் வில்லியம் ஹண்டர் பத்தாண்டு மூத்தவர். கல்வியும் நாகரிகமும் வாய்ந்தவர். இலண்டன் மாநகரில் உடற்கூறு கற்பிக்கும் பள்ளியொன்றை நடத்திவந்தார். 1748-ஆம் ஆண்டில் தம்பி அவரிடம் போய்ச் சேர்ந்தார். தமையனார் ஒரு கையைக் கொடுத்துத் தசைகளைப் பிரித்துக் காட்டுமாறு பணித்தார். அதனை முடித்தபின், குருதிக்குழாய்களில் நிறமேற்றிய மற்றொரு கையைக் கொடுத்தார். இரண்டையும் தம்பி முடித்துக் காட்டிய திறத்தைக் கண்ட தமையனார், இவனுக்கு இனிப் பிழைப்புக்குக் குறைவில்லை என்று தெளிந்தார். அக்காலத்தில் அறுத்துப் பார்க்கச் சட்டப்படி கிடைத்த உடல்கள் மிகச் சிலவே. எஞ்சியவற்றை இரவிற் புதைகுழிகளைத் தோண்டுவோரிடமிருந்தே பள்ளிகள் விலைக்கு வாங்கின. தமையனார் பள்ளிக்கு இவ்வணிகத்தைக் கவனிக்கும் பொறுப்பு தம்பியின் தலைமேல் விழுந்தது. இறந்தவர் விருப்பம் இன்னதென்று கேளாத பழக்கம் அன்றே இவரிடம் படிந்துவிட்டது போலும்.

1755-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத்திற்கு இவரை அனுப்பி வைத்தனர். இலத்தீனும் கிரேக்கமும் தம் தலையிற் திணிக்கப்படுவதைப் பொறாதவராய் இரண்டு திங்களுக்குள் திரும்பிவிட்டார். மொழியும் இலக்கியமும் பயிலும் நம்மனோர்க்கு இஃது இனிய செய்தியன்று. ஆயினும் இலத்தீனை வெறுத்தோடிய இவரே பிற்காலத்தில் பற்களுக்கெல்லாம் இலத்தீன் பெயரைச் சூட்டினார் என்பதை எண்ணும்போது, மொழி தன்னைத் துறந்தோரையும் எளிதில் விடுவதில்லை என்று நாம் ஆறுதலடையலாம்.

1760-ஆம் ஆண்டிற் படை வைத்தியராகச் சேர்ந்து, அடுத்த ஆண்டில் பிரெஞ்சுக் கரையையடுத்த பெல் ஈல் தீவிலும், பின்னர்ப் போர்த்துகல் நாட்டிலும் பணியாற்றினார். 1763-இல் இலண்டன் திரும்பியபோது தமையனார் பள்ளியில் இவரிடத்தில் வேறொருவர் அமர்ந்திருந்தார். கையிலோ படைவீரர்க்குரிய அரைச் சம்பளம் மட்டுமே. இந்நிலையிலேதான் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்னும் பல் வைத்தியருடன் சேர்ந்து சில ஆண்டுகள் தொழில் செய்யலானார்.

இம்முடிவின் துணிவை இன்று நாம் எளிதில் உணரமாட்டோம். பல் பிடுங்குதல் அந்நாளில் நாவிதரும் சந்தைக் கூத்தாடிகளும் செய்த தொழில். மதிப்புள்ள இரண வைத்தியர் அதனைத் தொடவும் நாணுவர். ஹண்டர் நாணவில்லை. வலியால் துடிப்போர் நாள்தோறும் வந்து வாயைத் திறந்து காட்டினர். பிணவறையிலோ எல்லா வயதினரின் தாடைகளும் கிடைத்தன. உயிருள்ள வாயையும் உயிரற்ற தாடையையும் ஒருங்கே வைத்து ஒப்புநோக்கும் வாய்ப்பு அவருக்கு முன் மிகச் சிலர்க்கே வாய்த்தது. இவ்வாராய்ச்சியின் பயனாக 1771-ஆம் ஆண்டில் மானிடப் பற்களின் இயற்கை வரலாறு என்னும் நூல் வெளிவந்தது. யான் வான் ரிம்ஸ்டைக் என்னும் ஓவியர் வரைந்த படங்கள் செப்புத்தகட்டில் வெட்டப்பெற்று அதனை அணிசெய்தன. அவ்வாண்டிலேயே ஹண்டர் ஆன் ஹோம் என்னும் கவியுள்ளம் படைத்த நங்கையை மணந்தார். அந்நூலால் வந்த பொருளே திருமணச் செலவுக்கு உதவிற்று என்பர். பற்களால் மணம் முடித்தவர் உலகில் வேறு எவரும் இருப்பதாகத் தெரியவில்லை.

நிற்க. அந்நூல் செய்தது யாது? பல்லை இவர் மூன்று உறுப்பாகப் பிரித்துக் கூறினார்: ஈற்றுக்கு வெளியே தோன்றும் உடல், ஈறு தழுவும் கழுத்து, தாடைக்குழியில் மறைந்து நிற்கும் வேர். பொருளை நோக்கினால், மேலே பளபளப்பான கடினப் பூச்சாகிய எனாமல். அதனடியில் எலும்பையொத்த பகுதி. அதற்கும் நடுவே குருதிக்குழாயும் நரம்பும் நிறைந்த பற்கூழ் தங்கும் குகை. எனாமல் என்பது உலோகத்தின்மேல் சுட்டேற்றும் பூச்சுக்குரிய பெயர். பல்லுக்கு அது பொருந்துவதை உடைந்த பல்லொன்றை உற்றுநோக்கினார் உணர்வர்.

வகைப்படுத்தலில்தான் இவருடைய கூர்மை புலப்படுகின்றது. முன்னே நிற்கும் எட்டுப் பற்களும் வெட்டும் தொழிலுடையன. ஆதலின் வெட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லடியாக இன்சைசர் எனப்பட்டன. அவற்றையடுத்து மூலைக்கு ஒன்றாக நிற்கும் நான்கையும் உலகோர் நாய்ப்பல் என்றும் கண்பல் என்றும் வழங்கினர். நாயின் பல்லை நினைவூட்டுவதால் முதற் பெயர். வேர் மிக நீண்டு கண்வரை செல்வதாகக் கருதியதால் இரண்டாம் பெயர். ஹண்டர் இவ்விரண்டையும் விடுத்து, வேல்முனைபோன்ற ஒற்றை முனையுடைமை பற்றிக் கஸ்பிடேட்டஸ் என்று பெயரிட்டார். அதன்பின் நிற்கும் இரண்டிரண்டு பற்களை முன்னோர் கடைவாய்ப் பற்களோடு சேர்த்தே எண்ணினர். இவரோ அவற்றின் தலையில் கன்னத்தின் பக்கம் ஒன்றும் நாவின் பக்கம் ஒன்றுமாக இரண்டு முனைகள் இருப்பதைக் கண்டு, பைகஸ்பிட், அதாவது இருமுனைப்பல் என்று வேறாக்கினார். எஞ்சிய பன்னிரண்டும் அரைக்கும் பற்கள். திரிகைக்கல்லின் பெயரால் மோலார் எனப்படுவன.

இப்பிரிவு வெறும் பெயர் விளையாட்டன்று என்பதற்குச் சான்று குழந்தையின் வாயில் உள்ளது. பாற்பற்கள் 20: வெட்டுவன எட்டு, கோரைப்பல் நான்கு, அரைப்பன எட்டு. இருமுனைப்பல் குழந்தைக்கு இல்லவே இல்லை. பாற்பற்களுள் அரைப்பவை விழுந்த இடத்திலேதான் இருமுனைப் பற்கள் எட்டும் முளைக்கின்றன. பன்னிரண்டு கடைவாய்ப் பற்களோ எதனையும் விழச்செய்யாமல், அவற்றுக்குப் பின்னால் புதிய இடத்தில் தோன்றுகின்றன. அவ்விடம் எங்கிருந்து வந்தது? பல வயதுக் குழந்தைகளின் தாடைகளை வரிசையாக வைத்து ஹண்டர் இதற்கு விடை கண்டார். முன்னுள்ள பத்துப் பற்கள் நிற்கும் வளைவு பெரிதும் மாறுவதில்லை. தாடை பின்புறமாகவே நீள்கின்றது என்பது அவர் முடிவு. ஆறு வயதில் ஒரு கடைவாய்ப்பல், பன்னிரண்டில் ஒன்று, பதினெட்டையொட்டி ஞானப்பல் என்று அவை பின்னோக்கி வரிசையாக முளைப்பதன் காரணம் இதுவே. ஞானப்பல் முளைக்கும் வலியை இப்போது அநுபவித்துக் கொண்டிருக்கும் வகுப்புத்தோழர் சிலருக்கு இவ்விளக்கம் ஆறுதல் தருமோ, அறியேன்.

பல்லின் பக்கங்களைச் சுட்டும் சொற்கள் செப்பமடைந்தது அவருக்கு நெடுநாட் பின்னர். அமெரிக்கராகிய கிரீன் வார்டிமன் பிளாக் என்பவரின் பல் உடற்கூற்று நூல் 1890-இல் வெளிவந்து அச்சொற்களை ஒழுங்குபடுத்திற்று. இதழை நோக்குவது இதழ்ப்புறம், கன்னத்தை நோக்குவது கன்னப்புறம், நாவை நோக்குவது நாப்புறம், முகத்தின் நடுக்கோட்டை நோக்குவது நடுப்புறம், அதற்கு எதிரானது கடைப்புறம் என்று தமிழிற் கூறலாம். வலம் இடம் என்னாது நடு, கடை என்றதன் நயம், அது வாயின் இருபாலும் ஒருங்கே பொருந்துவதுதான். நம் தொல்காப்பியனாரும் எழுத்துக்களின் பிறப்பைக் கூறுமிடத்து மேல்வாய்ப் பல்லை அண்பல் என்று சுட்டியிருப்பதைத் தமிழ் மாணவர் அறிவர். நாவின் தொழிலை வரையறுக்க முயன்ற இலக்கண ஆசிரியர்க்குப் பல்லின் இடத்தைச் சுட்டப் பெயர் வேண்டியிருந்தது. பல்லின் தொழிலை வரையறுக்க முயன்ற வைத்தியர்க்கும் அவ்வாறே.

இனி, வருத்தத்திற்குரிய பகுதிக்கு வருவோம். பல் உயிருள்ள பொருளா, அன்றா என்னும் ஐயம் ஹண்டரை வருத்திற்று. வளரும் பன்றிகளுக்கு மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரை உணவிற் கலந்து கொடுத்தால் அவற்றின் எலும்பு செந்நிறமாகும். அவ்வாறு ஊட்டிப் பார்த்ததில், அக்காலத்திற் புதிதாக உண்டாகிக் கொண்டிருந்த பற்பகுதி மட்டுமே சிவந்தது. முன்னரே முற்றியிருந்த பகுதி சிவக்கவில்லை. எனாமலோ சிறிதும் நிறம் பற்றவில்லை. ஆகவே முற்றிய பல்லின் கடினப் பகுதியில் குருதியோட்டம் இல்லையென்று முடிவுசெய்தார். ஆயினும் பிடுங்கிய பல்லை உடனே குழியில் வைத்தால் அது மீண்டும் பற்றிக்கொள்வதைக் கண்டிருந்தமையால், அதனுள் உயிராற்றல் ஒன்று உண்டென்றும் நம்பினார். இந்நம்பிக்கையை மெய்ப்பிக்க, மானிடப் பல்லொன்றைப் பிடுங்கிய சூட்டோடு ஒரு சேவலின் கொண்டையைக் கீறி அதனுள் நட்டார். பலமுறை தவறியபின் ஒருமுறை பல் கொண்டையில் ஊன்றி நின்றது.

சேவற்கொண்டையில் ஊன்றிய பல் மானிட வாயில் ஊன்றாதோ என்பது அடுத்த எண்ணம். சர்க்கரை மிகுந்த உணவால் முன்பற்களைச் சொத்தையாக்கிக் கொண்ட செல்வர் பலர் இலண்டனில் இருந்தனர். வயிற்றுக்கில்லாத வறியவரின் பிள்ளைகளுக்கோ வெண்பற்கள் குறைவின்றி இருந்தன. 1778-இல் வெளிவந்த தம் இரண்டாம் பாகத்தில் ஹண்டர் இதற்கு வழிமுறை வகுத்தார். பல்லைத் தருபவர் இளையராகவும் நோயற்றவராகவும் இருத்தல் வேண்டும். ஒருவர் பல் குழிக்குப் பொருந்தாவிடின் மற்றொருவர் பல்லைப் பார்க்கும்பொருட்டுப் பலரை அருகில் நிறுத்தி வைத்தல் நலம். படிக்கும்போது இஃது ஒரு தச்சர் பொருத்தமான ஆப்பைத் தேடும் முறைபோலவே தோன்றுகின்றது. அறையின் ஒருபுறம் நிறுத்தப்பட்ட அப்பிள்ளைகளின் வாயில் பின்னர் என்ன முளைக்கும்? நிலையான முன்பல்லுக்குப்பின் வேறொரு பல் முளைப்பதில்லை. அதனை உலகிலேயே அன்று மிகத் தெளிவாக அறிந்திருந்தவர்களுள் ஒருவர் ஹண்டர்.

இம்முறை நாகரிகமாகப் பரவிற்று. தாமஸ் ரோலண்ட்சன் என்னும் கேலிச்சித்திரக்காரர் 1787-இல் வரைந்த படமொன்றில், நாற்காலியிற் சாய்ந்திருக்கும் சீமாட்டிக்காகப் புகைக்கூண்டு துடைக்கும் சிறுவனின் பல் பிடுங்கப்படுகின்றது. கையிற் காசுடனும் கன்னத்திற் கையுடனும் ஏழைச் சிறுவர் வாயிலைக் கடந்து போகின்றனர். அதற்கு முன்னரே, 1785-இல், வில்லியம் வாட்சன் என்னும் வைத்தியர் ஒரு செய்தியை வெளியிட்டிருந்தார். மாற்றுப்பல் வைக்கப்பெற்ற இளநங்கையொருத்திக்கு வாயிற் புண் தோன்றிப் பரவி, மேகநோயின் குறிகளெல்லாம் கண்டு, அவள் இறந்தொழிந்தாள் என்பது அது. ஹண்டர் அடுத்த ஆண்டில் வெளியிட்ட நூலில், இத்தகைய புண்கள் உண்மையான மேகநோய் அல்ல என்றே வாதித்தார். எதனையும் கண்ணாற் கண்டாலன்றி நம்பாத ஒருவர், தம் கொள்கைக்கு மாறாகக் கண்டதை நம்ப மறுத்தார். இவ்விடத்தில் அவருக்காக வாதாட நான் விரும்பவில்லை. மாற்றுப்பல் ஊன்றியதாகத் தோன்றினாலும், பிறர் பல்லின் வேரை உடல் மெல்ல மெல்ல அரித்துவிடும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஒருவருடைய பல்லை அவர் வாயிலேயே வேறிடத்தில் நடுவது மட்டும் இன்றும் செய்யப்படுகின்றது.

இதற்கிடையில் அவர் புகழ் வளர்ந்துகொண்டே வந்தது. 1767-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். 1768-இல் செயின்ட் ஜார்ஜ் வைத்தியசாலையில் இரண வைத்தியர். 1776-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் வைத்தியருள் ஒருவர். அம்மை குத்துதலைக் கண்ட எட்வர்டு ஜென்னர் இவர் வீட்டில் தங்கிப் பயின்ற மாணவர். வந்த வருவாய் அனைத்தும் உடற்கூற்றுப் பண்டங்கள் சேர்ப்பதிலேயே கரைந்தது. ஏறத்தாழ 14,000 பண்டங்கள் சேர்ந்தன. அவற்றுள் ஒன்று சார்லஸ் பைர்ன் என்னும் அயர்லாந்து இளைஞரின் எலும்புக்கூடு. ஏழடி ஏழங்குலம் உயர்ந்த அவர் தம்மைக் காட்சிப் பொருளாக்கிப் பிழைத்தவர். 1783-இல் 22-ஆம் வயதில் இறந்தார். தம் உடல் வைத்தியர் கையிற் சிக்காமற் கடலில் அடக்கப்படவேண்டும் என்பது அவர் விருப்பம். ஹண்டர் காவலிருந்தோர்க்குப் பெருந்தொகை கொடுத்து உடலைக் கைப்பற்றி, எலும்புகளைத் தம் காட்சிச்சாலையில் நிறுத்தினார்.

மார்வலியால் நெடுநாள் வருந்திய ஹண்டர், தமக்குச் சினமூட்டும் எவன் கையிலும் தம் உயிர் இருப்பதாகக் கூறுவதுண்டாம். 1793-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், மாணவரைச் சேர்ப்பதுபற்றி வைத்தியசாலைக் கூட்டத்தில் நிகழ்ந்த வாதத்தின்போது அவ்வாறே உயிர் நீத்தார். 1799-இல் அரசாங்கம் அவர் சேர்த்தவற்றை 15,000 பவுனுக்கு வாங்கி இரண வைத்தியர் சங்கத்திடம் ஒப்படைத்தது. அதுவரை ஆறாண்டுகள் சிறு கூலிக்கு அவற்றைக் காத்திருந்த வில்லியம் கிளிஃப்ட் என்னும் இளைஞரின் பெயரை மறத்தல் நன்றியன்று. மைத்துனர் எவரார்டு ஹோம் 1823-இல் ஹண்டரின் கையெழுத்துப் பிரதிகளைக் கொளுத்திவிட்டார்; கிளிஃப்ட் முன்னரே பார்த்தெழுதி வைத்திருந்த பகுதிகளே தப்பின. கிளிஃப்டின் மருமகராகி அக்காட்சிச்சாலையைப் பேணிய ரிச்சர்டு ஓவன், 1840 முதல் 1845 வரை வெளியிட்ட தம் பல்நூலில், எலும்பையொத்த பகுதிக்கு டென்டின் என்ற பெயரையும், ஹண்டரின் இருமுனைப்பல்லுக்கு முன்கடைவாய்ப்பல் என்னும் பொருளுடைய பிரிமோலார் என்ற பெயரையும் வழங்கினார். நாம் பின்பற்றுவது ஓவனின் பெயரை. அமெரிக்கப் பல் வைத்தியரிடையே கஸ்பிட், பைகஸ்பிட் என்னும் ஹண்டரின் சொற்கள் இன்றும் வழங்குகின்றன.

1941-ஆம் ஆண்டு மே மாதம் விழுந்த குண்டுகளால் காட்சிச்சாலையின் பெரும்பகுதி அழிந்தது. பைர்னின் எலும்புக்கூடு தப்பியது. 2011-இல் அவருடைய பற்களிலிருந்து எடுத்த மரபணுப் பொருளை ஆராய்ந்தோர், அவரை இராட்சத வடிவினராக்கிய நோயின் மரபுக் காரணத்தைக் கண்டனர். அதே மரபுக்கூறு வட அயர்லாந்தில் இன்று வாழும் சில குடும்பங்களிலும் இருப்பது தெரியவந்தது. அக்குடும்பத்தாரை முன்கூட்டியே சோதித்தறிய அது வழிசெய்தது. 2017-இல் கட்டட வேலைக்காக மூடப்பெற்ற காட்சிச்சாலை 2023 மே மாதத்தில் மீண்டும் திறக்கப்பட்டபோது பைர்னின் எலும்புக்கூடு அங்குக் காட்சிக்கு வைக்கப்படவில்லை. எனினும் கடலுக்கும் அது அனுப்பப்படவில்லை. சேவலின் தலையும், அதன் கொண்டையில் ஊன்றிய, யாருடையதென்று எவரும் எழுதி வைக்காத அந்த மானிடப் பல்லும் குண்டுக்குத் தப்பி இன்றும் புட்டிக்குள் இருக்கின்றன.